முதலிடத்துக்காரரின் எடை

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் குத்துச்சண்டைப் பேரவையின் புதிய தரவரிசைப் பட்டியல் வெளிவந்தது. மிடில்வெயிட் பிரிவில் மூன்றாம் இடத்தில் இருந்த தம்பி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியிருந்தான். அவன் தோற்கவில்லை. தோற்பதற்கு முதலில் யாராவது அவனோடு சண்டை போட வேண்டும். அப்படி ஒன்று நடந்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகியிருந்தது.

"யாருகிட்டடா தோத்த?" என்று அக்கா கேட்டாள்.

"யாருகிட்டயும் இல்லக்கா."

"அப்ப உன்னைத் தாண்டிப் போன ரெண்டு பேரும் யாரை ஜெயிச்சாங்க?"

தம்பி போனில் தேடினான். "ஒருத்தன் போன வருஷம் ஒரு சண்டை போட்டிருக்கான். அதுலயும் தோத்திருக்கான். இன்னொருத்தனுக்கு..." திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இன்னொருத்தனுக்குப் போட்டோவே இல்ல."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை போடுவதும், இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டுவதும் அவள் வேலை. தட்டுக்கு அடியில் காந்தம், மேசைக்கு அடியில் முழங்கால், பாதரசம் ஊற்றிய எடைக்கல் என்று பதினாறு வருடமாக எல்லாவற்றையும் பார்த்தவள். நேர்மையான தராசுகளையும் பார்த்திருக்கிறாள். அவற்றை இரண்டாவது தடவையும் சோதித்தாள்.

"மேல யாருமே ஏறாம முள்ளு நகருதுன்னா, ஆள் மேல தப்பு இல்லடா. தராசு மேலதான்" என்றாள்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பகலில் கடைகளுக்கு இரும்பு ஷட்டர் ரிப்பேர் செய்வான், காலையிலும் மாலையிலும் பயிற்சி. மிடில்வெயிட் என்றால் எழுபத்திரண்டரைக் கிலோவுக்கு மேல் ஒரு கிராம்கூடப் போகக் கூடாது. அதற்காக அவன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தான். எதிரில் ஒருவன் சாப்பிடாமல் இருக்கும்போது தனக்கு மட்டும் எப்படி இறங்கும் என்று அக்காவும் வேகவைத்த காய்கறியிலேயே காலம் தள்ளினாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் இரண்டு வருடமாகப் பட்டினி கிடந்தது ஒரு சண்டைக்காக. சண்டை மட்டும் வரவில்லை.

மறுநாள் அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பேரவை அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலகம் ஒரு வங்கிக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டத்துக்குள் படங்கள். ஒன்றிலும் குத்துச்சண்டை வீரர் இல்லை. தலைவர் கைகுலுக்குகிற படம், தலைவர் பெல்ட்டைத் தூக்கிப் பிடிக்கிற படம், தலைவரும் பெல்ட்டும் தனியாக இருக்கிற படம். செயலாளர் மெல்லிய குரல்காரர். யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். அக்காவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கோப்பைப் பிரித்தார்.

"உங்க தம்பியோட இடம் இறங்கலைம்மா. மத்தவங்க இடம் ஏறியிருக்கு. அவ்வளவுதான்."

"அவங்க எதுக்கு சார் ஏறினாங்க?"

"ஒருத்தரை ஊக்கப்படுத்த வேண்டியிருந்தது. போன சண்டையில தோத்து மனசு உடைஞ்சு போயிட்டாரு. இன்னொருத்தர் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாரு." செயலாளர் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "எவ்வளவு நல்ல கையெழுத்து பாருங்க."

அக்கா பார்த்தாள். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

"சரி சார், இந்தப் பிரிவுல சாம்பியன் யாரு?"

"எந்தச் சாம்பியன்?"

"எத்தனை பேரு இருக்காங்க?"

"நாலு பேரும்மா. சாம்பியன் ஒருத்தர். அவருக்கு மேல சூப்பர் சாம்பியன். ரெண்டு பேருக்கும் நடுவுல இடைக்காலச் சாம்பியன். அப்புறம் ஓய்வுல இருக்கற சாம்பியன்."

"இதுல யாரு பெரியவரு?"

"அந்தக் கேள்வி வரக் கூடாதுன்னுதான் நாலு பேரை வெச்சிருக்கோம்."

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் ஏதோ இடிக்கிறது என்பது மட்டும் புரிந்தது. பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் பெயரின்மேல் விரலை வைத்தாள்.

"இவரு சண்டை போட்டு மூணு வருஷம் ஆச்சே சார்?"

"ஆமா. மூணு வருஷமா ஒரு தோல்விகூட இல்ல. இந்தப் பிரிவுல வேற யாரையாவது அப்படிக் காட்டுங்க பாப்போம்."

"சண்டை போட்டாத்தானே சார் தோக்கறதுக்கு? என் தம்பியும்தான் ரெண்டு வருஷமாத் தோக்கலை."

"உங்க தம்பி ரெண்டு வருஷம். அவரு மூணு வருஷம்." செயலாளர் வருத்தத்தோடு கைகளை விரித்தார். "நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க."

"அப்ப என் தம்பி அவரோட மோதிப் பாக்கட்டும்."

"முடியாதும்மா. முதலிடத்துல இருக்கறவரு சாம்பியனோடதான் மோதணும். அது அவரோட உரிமை. சாம்பியனும் அவரோட மட்டும்தான் மோதியாகணும். அது விதி."

"அப்ப சாம்பியனோட மோத வேண்டியதுதானே?"

"அவரு கேக்கணுமே. இன்னிவரைக்கும் கேக்கலை. ரொம்ப அடக்கமான மனுஷன்."

அக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. எங்கேயாவது கள்ளத் தராசு இருந்தால் அவளுக்கு அப்படித்தான் வியர்க்கும். முதலிடத்துக்காரரின் முகவரி கிடைக்குமா என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"மூணு வருஷமாத் தோக்காம இருக்காரு. ஒரு வாழ்த்துச் சொல்லணும்ல."

செயலாளர் மனம் குளிர்ந்துபோய்த் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

முகவரி ஒரு மெத்தைக் கடையாக இருந்தது. உள்ளே, சட்டைப் பொத்தான்கள் வயிற்றோடு போராடிக்கொண்டிருந்த ஒருவர், ஒரு கணவன் மனைவிக்கு மெத்தையை அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் குடும்பம் போகும்வரை ஒரு தலையணையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"நீங்கதானே மிடில்வெயிட்ல முதலிடம்?"

மெத்தைக்காரர் சட்டென்று கல்லாப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க. முதலாளிக்குத் தெரியாது."

"உலகத்துக்கே தெரியும்."

"உலகம் தெரிஞ்சுக்கட்டும். முதலாளிக்குத் தெரிஞ்சா லீவு கேப்பேன்னு நினைப்பாரு."

கடையின் மூலையில் பார்சல் எடை போடும் மேடைத் தராசு இருந்தது. அக்கா தன் அலுவலக அட்டையைக் காட்டி, அதன்மேல் ஏறச் சொன்னாள். அதற்கு முன் தானே ஏறி நின்று சரிபார்த்துக்கொண்டாள். மெத்தைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி ஏறினார். தொண்ணூற்றாறு கிலோ.

"செருப்பைக் கழட்டினதுக்கப்புறமா?" என்றாள் அக்கா.

அவர் இறங்கி, ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். மூன்று வருடத்துக்கு முன்பு முழங்கால் போனது. குத்துச்சண்டையை விட்டுவிட்டதாகப் பேரவைக்கு எழுதினார். 'உங்கள் உறுதிக்கு நன்றி' என்று பதில் வந்தது. அப்போது அவர் எட்டாம் இடத்தில் இருந்தார். முழங்கால் போய்விட்டது என்று மறுபடி எழுதினார். 'விரைவில் குணமடையுங்கள், உங்கள் இடம் பத்திரமாக இருக்கிறது' என்று பதில் வந்தது. நான்காம் இடத்துக்குப் போயிருந்தார். அதற்குப் பிறகு பயந்துபோய் எழுதுவதையே விட்டுவிட்டார். முதலிடம் வந்துவிட்டது.

"மாசாமாசம் பாராட்டுக் கடிதம் வருதுங்க. உறையைப் பாத்தாலே என் வீட்டுக்காரிக்கு நெஞ்சு படபடங்குது. எங்க என்னைக் கூட்டிட்டுப் போய் மறுபடி மேடையில ஏத்திடுவாங்களோன்னு. எப்படியாவது என் பேரை எடுத்துவிடச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அக்கா ஒரு தாள் வாங்கி, அவரையே மூன்றாவது முறையாக எழுதச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். வீடு திரும்பும் பஸ்ஸில் கணக்குச் சரியாக விழுந்தது. சாம்பியன் முதலிடத்துக்காரரோடு மட்டும்தான் மோதியாக வேண்டும். முதலிடத்துக்காரர் மெத்தை விற்கிறார். ஆகவே சாம்பியன் யாரோடும் மோத வேண்டியதில்லை. சாம்பியனே மோதாதபோது மற்ற மூன்று சாம்பியன்களுக்கும் கவலை இல்லை. நான்கு பேரும் ஆயுள் முழுக்க சாம்பியனாக இருக்கலாம். அவர்கள் எல்லோரையும் ஒரு முழங்கால் தாங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பேரவையின் ஆண்டுக் கூட்டம். அக்கா தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள். கூடத்தில் முன்வரிசை நாற்காலிகள் மேல் சிவப்புத் துணி விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெல்ட்டை உட்கார வைத்திருந்தார்கள். வீரர்களுக்குக் கடைசி வரிசை. தம்பிக்குப் பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவர் ஆறாம் இடத்துக்காரர்.

"எவ்வளவு நாளா ஆறாம் இடம்?" என்று அக்கா கேட்டாள்.

"ஆறு வருஷமா. அதுக்காகத்தான் அந்த நம்பரைக் கொடுத்தாங்களோ என்னமோ." அவர் தம்பியைப் பார்த்து, "நாம ரெண்டு பேரும் மோதலாம்னு போன வருஷமே எழுதிக் கேட்டேன். நடுவுல இருக்கறவங்க சம்மதிக்கணும்னாங்க. அப்ப நடுவுல ரெண்டு பேரு இருந்தாங்க" என்றார்.

"இப்ப நான் இறங்கிட்டேன். நடுவுல யாரும் இல்லையே அண்ணே" என்றான் தம்பி.

"அதையும் கேட்டேன். அடுத்தடுத்த இடத்துல இருக்கறவங்க மோதினா பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி இருக்குமாம்."

தலைவர் பேச எழுந்தார். பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"பெருமக்களே! நான் பொறுப்பேற்றபோது மிடில்வெயிட் பிரிவு எந்த நிலையில் இருந்தது? ஒரே ஒரு சாம்பியன். அவரும் நிலையாக இருந்தாரா? வருடத்துக்கு இரண்டு முறை எவனாவது வந்து அடித்துவிட்டு பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போவான். இன்று நான்கு சாம்பியன்கள்! ஐந்து வருடமாக ஒருவர்கூட மாறவில்லை! சென்ற ஆண்டு முழுவதும் நமது முதல் பத்து வீரர்களில் ஒன்பது பேருக்கு மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. மீதி ஒருவரையும் நாம் கைவிடவில்லை, பட்டியலில் உயர்த்தியிருக்கிறோம். வீரர்களின் பாதுகாப்பில் எமக்குச் சமரசம் கிடையாது. குத்துச்சண்டைக்கு மிகப் பெரிய ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று நாம் ஆராய்ந்தோம். சண்டைகளிலிருந்துதான் வருகிறது. அதைப் படிப்படியாகக் குறைத்து வருகிறோம்!"

கைதட்டல் அடங்கியதும் அக்கா எழுந்தாள். மெத்தைக்காரர் எழுதிக் கொடுத்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். தொண்ணூற்றாறு கிலோ என்கிற இடத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர் பேனாவை எடுத்தார். செயலாளர் தண்ணீர் குடித்தார்.

தலைவர் மட்டும் அசரவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தீர்களா இந்தப் பணிவை! முதலிடத்தில் இருந்துகொண்டே விலக விரும்புகிறாராம். விலகட்டும், பேரவை யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் முதலிடத்திலிருந்து விலக வேண்டுமென்றால் விதிப்படி யாரிடமாவது தோற்றுத்தான் விலக வேண்டும். ஆகவே ஆறு வாரத்தில் ஒரு தகுதிச் சண்டைக்கு உத்தரவிடுகிறேன். கடிதத்தைக் கொண்டுவந்த அம்மையாரின் தம்பியே அவரோடு மோதுவார். வெல்பவர் சாம்பியனைச் சந்திப்பார்!"

கூடம் அதிர்ந்தது. பஸ் டிரைவர் தம்பியின் முதுகில் தட்டினார். தம்பியின் முகம் அப்படி மலர்ந்து அக்கா பார்த்து வெகு நாளாகியிருந்தது. அவள் மட்டும் சந்தோஷப்படாமல் தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கொடுக்கிற கடைக்காரரை அவள் என்றைக்குமே நம்பியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மெத்தைக்காரர் வீடு தேடி வந்தார். கையில் பேரவையின் ஓலை.

"விடுதலை வாங்கித் தருவீங்கன்னு பாத்தா, கூண்டுக்குள்ள தள்ளிட்டீங்களேம்மா" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் அக்காவுக்குச் சங்கடமாக இருந்தது. "போகலைன்னா என்னவாம்னு கேட்டேன். வராம இருந்தா தோக்கலைன்னு அர்த்தமாம். முதலிடத்துலயே இருக்கணுமாம்."

தம்பி அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். "பயப்படாதீங்கண்ணே. நான் மெதுவா அடிக்கறேன். ரெண்டாவது ரவுண்டுல உக்காந்துடுங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

"எங்க அடிப்ப தம்பி?"

"வயித்துல. அங்கதான் உங்களுக்கு வலிக்காது."

இருவரும் எந்த ரவுண்டில் எந்தப் பக்கம் விழுவது என்று பேச ஆரம்பித்தார்கள். அக்காவுக்குக் காது கூசியது. மெத்தைக்காரர் போனதும் கேட்டாள்.

"இதுக்குப் பேரு சண்டையாடா?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்க்கா. வேற எது கிடைச்சுது? இதைத் தாண்டினா சாம்பியன். அவனோட நிஜமா மோதுவேன்." அவன் விரல்களை மடக்கி விரித்தான். "எனக்கு இன்னும் எத்தனை வருஷம் கை ஓடும்னு நினைக்கற?"

அக்கா எழுந்து வேகவைத்த காய்கறியை அவன் தட்டில் வைத்தாள்.

எடை பார்க்கும் நாள் வந்தது. பேரவை அலுவலகத்திலேயே ஒரு மேடை போட்டு, நடுவில் புத்தம் புதிய மின்னணுத் தராசை வைத்து, அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள். மெத்தைக்காரர் ஆறு வாரம் இரவுச் சாப்பாட்டை விட்டு, தினமும் மாடிப்படி ஏறி இறங்கி, தொண்ணூறு கிலோவுக்கு வந்திருந்தார். காலையில் கடைத் தராசில் பார்த்துவிட்டு வந்ததாக அக்காவிடம் சொன்னார். இடுப்பில் ஒரு துண்டோடு மாலையைத் தாண்டி ஏறினார்.

"எழுபத்திரண்டு கிலோ!" என்று செயலாளர் அறிவித்தார். "மிடில்வெயிட்!"

மெத்தைக்காரர் கீழே குனிந்து எண்ணைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

பதினாறு வருடத்தில் அக்கா இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நொடிகூடச் சும்மா இருந்ததில்லை. அன்றைக்கு இருந்தாள். வாயைத் திறந்தால் சண்டை நின்றுவிடும். சண்டை நின்றால் தம்பிக்கு இன்னொரு இரண்டு வருடம். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, சுவரில் தலைவரும் பெல்ட்டும் தனியாக இருக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து தம்பி ஏறினான். முந்தைய நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. காலையில் வீட்டில் எழுபத்திரண்டு கிலோ நானூறு கிராம். அக்காவே பார்த்தது.

"ஐம்பத்தேழு கிலோ தொள்ளாயிரம் கிராம்" என்றார் செயலாளர்.

தம்பி இறங்கி மறுபடி ஏறினான். எண் மாறவில்லை. அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா," என்றான் மெல்ல, "நான் எங்க போயிட்டேன்?"

அக்கா எழுந்து படியிறங்கி, தான் வந்திருந்த அலுவலக வண்டியிலிருந்து இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தாள். தராசில் வைத்தாள். பதினாறு என்று காட்டியது.

"கிலோவுக்கு இருநூறு கிராம் திங்குது. கறிக்கடைக்காரன்கூட அம்பது கிராமோட நிறுத்திக்குவான்" என்றாள்.

"நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கம்மா" என்றார் செயலாளர், பொறுமையாக. "முதலிடத்துல இருக்கறவரு மிடில்வெயிட்டுன்னு பேரவை மூணு வருஷமா சொல்லிட்டு வருது. மிடில்வெயிட்டுன்னா எழுபத்திரண்டரைக்குள்ளதான் இருந்தாகணும். அதுக்கு ஏத்த மாதிரி தராசு இருக்கறதுதானே முறை? பேரவை ஒண்ணு சொல்ல, தராசு ஒண்ணு சொன்னா, நாளைக்கு எங்களை யாரு மதிப்பாங்க?"

"அப்ப என் தம்பி?"

"அதான் எங்களுக்கும் வருத்தம். மிடில்வெயிட்டுன்னு சொல்லிக்கிட்டு இவ்வளவு நாளா எங்களை ஏமாத்தியிருக்காரு. ஆனா பேரவை பழிவாங்காது. இறகு எடைப் பிரிவு, சூப்பர் ஃபெதர்வெயிட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுல பதினோராம் இடம் காலியா இருக்கு."

தலைவர் எழுந்து முடிவை அறிவித்தார். ஐந்தாம் இடத்துக்காரர் எடைத் தகுதி இழந்துவிட்டதால் முதலிடத்துக்காரர் வென்றார். இனி அவரே ஐந்தாவது சாம்பியன், 'மதிப்புறு சாம்பியன்', ஆகவே அவர் சாம்பியனைச் சந்திக்க வேண்டியதில்லை. மெத்தைக்காரரின் இடுப்புத் துண்டின் மேல் பெல்ட் கட்டப் பார்த்தார்கள். எட்டவில்லை. இரண்டு பேர் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்துத் தராசின் நெற்றியில் ஒட்டினாள். 'நிராகரிக்கப்பட்டது. பயன்படுத்தக் கூடாது.' மறுநாள் பத்திரிகையில் பேரவையின் அறிக்கை வந்திருந்தது. 'எங்கள் தராசு அரசு ஆய்வாளரால் முறைப்படி பரிசோதிக்கப்பட்ட ஒன்று' என்றது.

அந்தத் தராசு முட்டாள்தனத்தால் தம்பியைத் தின்றதா, அல்லது அவனைத் தின்பதற்காகவே வைக்கப்பட்டதா என்பதை அக்காவால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் தொழில் வாழ்க்கையில் துப்புத் துலங்காத ஒரே தராசு அதுதான்.

மூன்றாம் நாள் காலை தம்பிதான் பேச்சை ஆரம்பித்தான்.

"அவரு ஏறினப்பவே உனக்குத் தெரிஞ்சிருச்சு, இல்லக்கா?"

"தெரிஞ்சிருச்சு."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா உனக்குச் சண்டை போயிருக்கும்."

"இப்ப மட்டும்?"

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுது அவன் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கக் கூடாதென்று எழுந்து வெளியே போனான். வாசலில் பஸ் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். டூட்டி முடிந்து நேராக வந்திருந்தார், காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"உனக்கு இப்ப இடமே இல்லைன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"இருக்குண்ணே. இறகு எடையில பதினோராவது."

"எனக்கு இன்னும் ஆறாம் இடம் இருக்கு. அதை விட்டுடலாம்னு பாக்கறேன். பேரவை அனுமதி இல்லாம சண்டை போட்டா பேரை எடுத்துடுவாங்களாம். எடுக்கட்டும்." கொஞ்சம் தயங்கினார். "எங்க டிப்போவுக்குப் பின்னால தொழிற்சங்கக் கூடம் இருக்கு. பெல்ட்டு கிடையாது, பட்டம் கிடையாது. வர்றியா?"

தம்பி உள்ளே திரும்பிப் பார்த்தான். அக்கா கதவருகே வந்து நின்றாள். பஸ் டிரைவரைத் தலை முதல் கால் வரை அளந்தாள்.

"உங்க எடை என்ன?"

"எழுபத்திரண்டுங்க."

"யாரு சொன்னது?"

"வந்து பாத்துக்கங்க" என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சண்டை நடந்தது. அக்கா தன் கையால் சோதித்த தராசில் இருவரும் ஏறினார்கள், இருவருமே எழுபத்திரண்டரைக்குள் இருந்தார்கள். பக்கத்துக் கிளினிக்கின் டாக்டரம்மா மேடையோரம் உட்கார்ந்தார். பழைய பயிற்சியாளர்கள் மூன்று பேர் புள்ளி போட்டார்கள். மதிப்புறு சாம்பியன் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்து மணி அடித்தார். பஸ் ஓட்டுபவர்களும் நடத்துனர்களும் அவர்கள் குடும்பமுமாக முந்நூறு பேர் நின்றும் உட்கார்ந்தும் பார்த்தார்கள்.

பத்து ரவுண்டு. முதல் மூன்று ரவுண்டு தம்பிக்குக் கால் எங்கே போகிறது, கை எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நான்காவதில் இடதுகை நினைவுக்கு வந்தது. ஆறாவதில் பஸ் டிரைவரை ஒரு முறை கீழே உட்கார வைத்தான். எட்டாவதில் அவர் திருப்பிக் கொடுத்தார். தம்பியின் புருவம் கிழிந்தது. அக்கா கண்ணை மூடவில்லை. எவனாவது நேரத்தைக் குறைக்கிறானா, கையுறையில் எதையாவது திணித்திருக்கிறானா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பத்தாவது ரவுண்டு முடிந்தபோது இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள், விட்டால் இருவருமே விழுந்திருப்பார்கள்.

இரண்டு புள்ளி வித்தியாசத்தில் பஸ் டிரைவர் ஜெயித்தார்.

உடை மாற்றும் அறையில் டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் ஒரு கண் முழுக்க மூடியிருந்தது.

"தோத்துட்டேன்க்கா" என்றான். இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவன் பசியோடு சிரித்தான். "சாப்பிட என்ன இருக்கு?"

அக்கா முட்டை ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு பஸ் டிரைவர் வந்தார். உதடு வீங்கிப் பேச்சுக் குழறியது.

"ஆறாவது ரவுண்டுல நல்லா கொடுத்த தம்பி. அடுத்த மாசம் மறுபடி மோதலாமா?"

தம்பி ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டினான்.

அக்கா முழுங்கிவிட்டுக் கேட்டாள். "அதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்கணும்?"

பஸ் டிரைவர் யோசித்தார்.

"கூடத்து வாட்ச்மேன்கிட்டங்க. சாவி அவருகிட்டதான் இருக்கு."